டேப்பை மூடினால் லாக் அவுட் ஆகாது

குறுவை நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டவர்களுக்குப் பணம் பேங்கில் ஏறும் நேரமும், தீபாவளி ஆஃபர் ஓடும் நேரமும் டெல்டாவில் அநேகமாகச் சேர்ந்தே வரும். அந்த வாரங்களில் மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற பிரவுசிங் சென்டரைப் பார்த்தால் ஒரே கம்ப்யூட்டரில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். சிட்டா எடுக்க ஒருவர், கரண்ட் பில் கட்ட ஒருவர், பையனுக்கு வேலை விண்ணப்பம் போட ஒருவர், நடுவில் மிக்சியோ புடவையோ ஆர்டர் போட ஒருவர். எழுந்திருக்கும்போது எல்லாரும் செய்வது ஒரே காரியம்தான். வலது மூலைப் பெருக்கல் குறியை அமுக்கிவிட்டு, சென்டருக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கணக்கு மட்டும் அங்கேயே திறந்து கிடக்கும்.

கோவில் வாசல் செருப்பு ஸ்டாண்டை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். பாஸ்வேர்டோ ஓடிபியோ கொடுத்து உள்ளே போனதும், கடை உங்கள் பிரவுசர் கையில் ஒரு டோக்கனைக் கொடுக்கிறது. குக்கி என்று சொல்வது இதைத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் கடை உங்களிடம் பாஸ்வேர்டு கேட்பதில்லை, டோக்கனை மட்டும் பார்க்கிறது. டோக்கனை யார் நீட்டினாலும் செருப்பு அவருக்குத்தான். டேப்பை மூடுவது, டோக்கனை ஸ்டாண்டுப் பலகை மேலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடப்பது மாதிரி. லாக் அவுட் அமுக்கினால்தான் பிரவுசர் அந்த டோக்கனைக் கிழித்துப் போடும், கடையும் தன் நோட்டில் அந்த எண்ணை அடிக்கும்.

இதில் நம் ஆட்களுக்கு ஒரு தவறான பழக்கத்தைக் கொடுத்ததே பேங்குகள்தான். நெட் பேங்கிங்கில் சில நிமிடம் கை வைக்காமல் இருந்தால் அதுவே வெளியே தள்ளிவிடும். ஐஆர்சிடிசியும் அப்படித்தான், டிக்கெட் போடப் போட்டியிட்டவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். அதனால் எல்லா சைட்டும் தானாகவே மூடிக்கொள்ளும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. ஷாப்பிங் சைட்டுகள் அப்படி இல்லை. திரும்ப ஒருமுறை பாஸ்வேர்டு கேட்டால் வாங்க வந்தவர் அலுத்துப் போய்விடுவார் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். ஆகவே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் திறந்தே வைத்திருப்பார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும் பேபாலில்கூட ஒருமுறை நுழைந்த கருவியில் அடுத்தடுத்து பாஸ்வேர்டு கேட்காமல் விடும் ஒன் டச் என்ற வசதி உண்டு. சுவாமிமலைச் சிலையோ நாச்சியார்கோவில் குத்துவிளக்கோ வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அதை அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஆன் செய்யவே கூடாது. பேபாலில் உள்நாட்டுப் பட்டுவாடா 2021 ஏப்ரல் 1 முதல் நின்றுபோனதால் உள்நாட்டில் மட்டும் வாங்கி விற்பவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

‘திறந்து கிடந்தால் என்ன, ஓடிபி இல்லாமல் பணம் போகாதே’ என்று சொல்பவர்கள் நிறைய. பாதி உண்மை. இந்தியக் கடையில் இந்தியக் கார்டு போட்டால் ஓடிபி கேட்கும். 2022 அக்டோபர் 1 முதல் கார்டு எண்ணைக் கடைகள் தங்களிடம் வைத்துக்கொள்ளவும் முடியாது, அதற்குப் பதிலாக ஒரு மாற்று எண் மட்டும் இருக்கும். ஆனால் அந்தக் கடையின் வாலட்டில் கிடக்கிற பணம், கிஃப்ட் கார்டு, ‘பிறகு கட்டலாம்’ என்று கொடுத்திருக்கும் கடன் வரம்பு ஆகியவற்றுக்குப் பல இடங்களில் ஓடிபி கேட்பதில்லை. கேஷ் ஆன் டெலிவரியில் யார் பெயரிலும் ஆர்டர் போடலாம். வெளிநாட்டு சைட்டாக இருந்தால் கார்டு எண், தேதி, சிவிவி மூன்றும் போதும், ஓடிபி வராமலே கழிந்துவிடலாம். பேங்க் ஆப்பில் கார்டு செட்டிங்ஸுக்குப் போய் ‘இன்டர்நேஷனல்’ என்பதை ஆஃப் செய்து வைப்பது இதற்காகத்தான். அந்த சுவிட்சை எந்த நேரமும் வாடிக்கையாளர் கையில் கொடுத்தாக வேண்டும் என்பது 2020-லேயே ரிசர்வ் வங்கி போட்ட விதி.

பணத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதே இல்லை. திறந்து கிடக்கும் கணக்கில் நீங்கள் என்ன வாங்கினீர்கள், எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், வீட்டு முகவரி, போன் எண் எல்லாம் வரிசையாக இருக்கும். மறுநாள் ஒரு போன் வருகிறது. ‘வணக்கம்மா, நீங்க போட்ட 750 வாட்ஸ் மிக்சி ஆர்டர், வலங்கைமான் முகவரி, கலர் கிடைக்கல, பணத்தைத் திருப்பிடறோம், இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க.’ இவ்வளவு சரியாகச் சொல்கிறவன் கடைக்காரனாகத்தான் இருப்பான் என்று யாருக்கும் தோன்றும். ஓடிபியைக் காப்பாற்ற வேண்டியவர் நீங்கள். அதை உங்கள் வாயாலேயே சொல்ல வைப்பது அந்த ஆர்டர் விவரம். ‘யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள்’ என்ற எச்சரிக்கை இத்தனை வருஷமாக ஒலித்தும் ஆட்கள் ஏமாறுவதற்கு இப்படிப்பட்ட துல்லியமே ஒரு காரணம். பணம் திருப்பித் தருகிறவனுக்கு உங்கள் ஓடிபியோ யுபிஐ பின்னோ எதற்கு?

சரி, சென்டரில் உட்கார்ந்தால் என்ன செய்வது? முதலில் குரோமின் வலது மேல் மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு வட்டத்துக்குள் ஏதாவது ஓர் எழுத்தோ படமோ இருந்தால் வேறு யாரோ தன் கூகுள் கணக்கை அதில் ஏற்றி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த நிலையில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டை ‘சேவ் செய்யவா’ என்று கேட்கும்போது அவசரத்தில் சரி என்று அமுக்கினால், அது அவருடைய கணக்கோடு சேர்ந்து அவர் வீட்டு போன் வரைக்கும் போய்விடும். தலைகீழாகவும் நடக்கும். ஜிமெயில் பார்க்க நுழைந்தவர் குரோமிலேயே கணக்கை ஏற்ற ஒத்துக்கொண்டுவிட்டு, ஜிமெயில் டேப்பை மட்டும் மூடிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு அவர் சேமித்து வைத்த பாஸ்வேர்டு அத்தனையும் அந்த மேஜையில்.

அந்த வட்டத்தை அமுக்கினால் கீழே ‘கெஸ்ட்’ என்று இருக்கும். அதைத் திறந்து அதிலேயே வேலையை முடிப்பது நல்லது. கெஸ்ட் ஜன்னலை மூடியதும் அதிலிருந்த டோக்கன், பார்த்த பக்கங்களின் வரலாறு எல்லாம் அழிந்துவிடும். கெஸ்ட் வராத கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் இன்காக்னிட்டோ திறக்கும். அதில் ஒரு சின்ன வில்லங்கம் இருக்கிறது. இன்காக்னிட்டோ ஜன்னல் இரண்டு மூன்று திறந்திருந்தால் எல்லாவற்றுக்கும் டோக்கன் பொதுவானது, கடைசி ஜன்னல் மூடும் வரை அது உயிரோடு இருக்கும். முன்னால் உட்கார்ந்தவர் கீழே சுருக்கி வைத்த ஒரு ஜன்னல் இருந்தால் நீங்கள் மூடியது மூடியதாகாது. கீழ்ப் பட்டையைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். இன்னொன்று, தட்டச்சு செய்வதை எல்லாம் பதிவு செய்யும் களவாணி மென்பொருள் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தால் கெஸ்டும் காப்பாற்றாது, இன்காக்னிட்டோவும் காப்பாற்றாது. பழக்கமில்லாத இடத்தில் நெட் பேங்கிங் பாஸ்வேர்டை அடிக்காமல், திரையில் வரும் க்யூஆரை உங்கள் போனில் ஸ்கேன் செய்து கட்டிவிடுங்கள். பின்னை உங்கள் போனில்தான் அடிக்கிறீர்கள், சென்டர் கம்ப்யூட்டருக்கு அது தெரியவே தெரியாது.

நம் பக்கத்தில் கெஸ்ட் ஜன்னலுக்கு இன்னொரு காரணம் உண்டு. கரண்ட். ஐப்பசி கார்த்திகை மழையில் எந்த நிமிஷம் போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடக்கிற சென்டரில் திரை பட்டென்று அணைந்தால், உட்கார்ந்திருந்தவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அரை மணி கழித்துக் கரண்ட் வந்து அடுத்தவர் குரோமைத் திறந்தால், ‘சரியாக மூடப்படவில்லை, பக்கங்களை மீட்கவா’ என்று கேட்கும். மீட்டால் பழைய டேப் அத்தனையும், லாக் இன் ஆன நிலையிலேயே எழுந்து வரும். ‘விட்ட இடத்திலிருந்து தொடரவும்’ என்று செட்டிங்ஸில் வைத்திருந்தால் கேட்காமலே வரும். கெஸ்ட், இன்காக்னிட்டோ ஜன்னல்களை இப்படி மீட்க முடியாது. சாதாரண ஜன்னலில் வேலை செய்யும்போது கரண்ட் போனால் காத்திருக்கலாம், இல்லாவிட்டால் வெளியே வந்து போனிலிருந்து கணக்கை மூடலாம். மூன்றாவது வழி கிடையாது.

வேலை முடிந்ததும் லாக் அவுட் எங்கே என்று தேடுவதில்தான் பொறுமை போய்விடுகிறது. அதை வேண்டுமென்றேதான் ஒளித்து வைக்கிறார்களோ என்று தோன்றும். அமேசானில், கம்ப்யூட்டர் திரையில் மேலே வலப்பக்கம் ‘அக்கவுண்ட் அண்ட் லிஸ்ட்ஸ்’ மேல் சுட்டியைக் கொண்டுபோனால் ஒரு நீண்ட பட்டியல் இறங்கும், அதன் கடைசியில் ‘சைன் அவுட்’. பிளிப்கார்ட் ஆப்பில் அக்கவுண்ட் பக்கத்தைக் கடைசி வரை தள்ளிக்கொண்டே போனால் அடியில் இருக்கும். லாக் அவுட் ஆன பிறகு பின்னோக்கிய அம்புக்குறியை அமுக்கினால் பழைய ஆர்டர் பக்கம் தெரிவதும் உண்டு. பயப்பட வேண்டாம், அது பிரவுசர் வைத்திருக்கும் பழைய நகல்தான். எஃப்5 அமுக்கிப் பாருங்கள். லாக் இன் கேட்டால் சரியாக மூடியிருக்கிறது. உங்கள் பெயர் மறுபடி வந்தால் மூடவில்லை. இந்த ஒரு சோதனைக்கு ஐந்து விநாடிகூட ஆகாது.

கணக்கை மூடிவிட்டு மற்றதை மறப்பதும் நடக்கும். பில்லை பிரிண்ட் எடுக்க டவுன்லோடு செய்த பிடிஎஃப், ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். கெஸ்ட் ஜன்னலில் இறக்கியதும் அங்கேதான் கிடக்கும். டெலீட் மட்டும் அமுக்கினால் குப்பைத் தொட்டிக்குப் போய் உட்காரும், ஷிஃப்டையும் சேர்த்து அமுக்கினால்தான் தொட்டிக்குப் போகாமல் நேராக அழியும். பிரிண்டுக்காக வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், போனில் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய் அந்தக் கம்ப்யூட்டரை லாக் அவுட் செய்யுங்கள். இது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துகூடச் செய்யலாம்.

பெரியவர்கள் விஷயம் வேறு மாதிரி. ‘தம்பி, நீயே போட்டுக் குடுப்பா’ என்று போனையே நீட்டிவிடுவார்கள். சென்டர் பையனும் நல்ல எண்ணத்தில், தன் கணக்கிலேயே லாக் இன் செய்து, தாத்தா முகவரிக்கு ஆர்டர் போட்டுவிடுவான். பொருள் சரியில்லை என்று திருப்பினால் பணம் அவன் கணக்குக்கு வரும், தாத்தா அவனைத் தேடி மறுபடி டவுனுக்கு வர வேண்டும். பெரியவருடைய போன் எண்ணிலேயே கணக்கு திறந்து போடுவதுதான் முறை. அப்போது ‘ஐயா, உங்க போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க’ என்று கேட்பான். அந்த மெசேஜை முழுதாகப் படித்துவிட்டுக் கொடுங்கள். லாக் இன் ஓடிபி என்றால் எந்தக் கடைக்கு என்று எழுதியிருக்கும். பணம் கழிக்கும் ஓடிபி என்றால் தொகை எழுதியிருக்கும். முன்னதைச் சொல்லலாம், வேலை முடிந்ததும் உங்கள் கண் முன்னால் லாக் அவுட் செய்யச் சொல்லுங்கள். பின்னதை நீங்களே அடியுங்கள், கண்ணாடி எடுத்து வர மறந்திருந்தால் நாளைக்கு வாருங்கள்.

லாக் அவுட் செய்யாமல் வந்துவிட்டோம் என்று இரவு பத்து மணிக்கு ஞாபகம் வந்தால்? பாஸ்வேர்டு போட்டு நுழையும் கணக்கானால் போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றும்போது ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்று கேட்டால் அதையும் டிக் செய்ய வேண்டும், சில சைட்டில் பாஸ்வேர்டை மாற்றினாலும் பழைய டோக்கன் செல்லும். ஓடிபியில் மட்டும் நுழையும் ஆப்களில் மாற்றுவதற்குப் பாஸ்வேர்டே இல்லை. அவற்றில் அக்கவுண்ட் அல்லது செக்யூரிட்டி பகுதியில் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றும் பொத்தானைத் தேட வேண்டும், இல்லையென்றால் கஸ்டமர் கேரில் சொல்லிச் செய்யச் சொல்ல வேண்டும். கூகுள் கணக்கானால் ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் ‘யுவர் டிவைசஸ்’ என்று பட்டியல் வரும், தெரியாத கம்ப்யூட்டரைத் தொட்டு சைன் அவுட் கொடுக்கலாம். கடைக் கணக்கைவிட இதை முதலில் செய்யுங்கள். மெயில் கையில் இருந்தால் மற்ற எந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் ‘மறந்துவிட்டது’ என்று சொல்லி மாற்றிவிட முடியும்.

சொந்த போனில் ஒவ்வொரு முறையும் எல்லா ஆப்பிலிருந்தும் வெளியேற வேண்டுமா என்றால், தேவையில்லை என்பதே எங்கள் கட்சி. தினம் லாக் இன் செய்ய வேண்டி வந்தால் ஆட்கள் பாஸ்வேர்டைப் பேரன் பிறந்த தேதியாக மாற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் போன் கவருக்குள் சீட்டில் எழுதிச் செருகிவிடுவார்கள். அதற்குப் போன் லாக்கை ஒழுங்காகப் போட்டு, பணம் உள்ள ஆப்களுக்குத் தனியாக ஆப் லாக் போடுவது மேல். ஆனால் வீட்டில் பிள்ளைகள் கேம் விளையாடும் போன், அண்ணன் தம்பி மாற்றி மாற்றி எடுக்கும் போன் என்றால் கதை வேறு. யுபிஐ லைட்டில் ஏற்றி வைத்த பணத்தைச் செலவழிக்க யுபிஐ பின் நம்பர் கேட்காது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை, மொத்தம் 5,000 ரூபாய் வரை அதில் இருக்கலாம். பொதுப் போனில் அதை வைக்காமல் இருப்பதே நல்லது. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் வாங்கும்போதெல்லாம் சரிபார்க்கச் சொல்லி ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். லாக் திரையிலேயே ஓடிபி மெசேஜ் முழுதாகத் தெரிகிற போனுக்கு லாக் போட்டும் பயன் பாதிதான். நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் உள்ளடக்கத்தை மறைக்கச் சொல்லுங்கள்.

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் கணக்கு மூடிவிடும் என்று நினைக்காதீர்கள். போனிலிருந்து ஆப் போகும், கணக்கு கடையில் அப்படியே இருக்கும். அதைவிட முக்கியம், லாக் அவுட் செய்வதால் ஆட்டோபே நிற்காது. ஒரு மாதம் இலவசம் என்று சொல்லி யுபிஐ பின் வாங்கிக்கொண்ட சினிமா ஆப்பை நீக்கிவிட்டாலும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். முதல் தடவை பின்னோ ஓடிபியோ கொடுத்து ஒத்துக்கொண்டால், 15,000 ரூபாய் வரையிலான தொடர் கழிவுக்கு அடுத்தடுத்த முறை அதைக் கேட்பதில்லை. 24 மணி நேரத்துக்கு முன்னால் ஒரு மெசேஜ் வரும், அதை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறோம். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். கார்டில் கொடுத்திருந்தால் பேங்க் ஆப்பில்.

போனை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பேட்டர்னைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது நம்மூர் வழக்கம். டிஸ்ப்ளே மாற்றுவதற்கு அது அவசியமில்லை. சாம்சங்கின் புதிய போன்களில் மெயின்டனன்ஸ் மோடு என்று ஒன்று உண்டு, அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் ஆப், போட்டோ எதுவும் தெரியாமல் போனைச் சோதித்துப் பார்க்கலாம். விற்கும்போது வரிசை முக்கியம். முதலில் யுபிஐ ஆப்களில் பேங்க் கணக்கை நீக்கி லாக் அவுட், பிறகு பேங்க் ஆப், பிறகு கூகுள் கணக்கை நீக்குவது, கடைசியில் ஃபேக்டரி ரீசெட். கூகுள் கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்கியவர் போனைத் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும், அவர் உங்களுக்கு போன் போட்டுக் கேட்பார், நீங்களும் சொல்லிவிடுவீர்கள்.

கூத்தாநல்லூர், நாகூர் பக்கம் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்கள் அதிகம். அங்கே போனதும் ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் போடாமல் விட்டுவிடுவார்கள். இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்த எண்ணை கம்பெனி வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அந்த எண்ணில் திறந்த ஷாப்பிங் கணக்கின் ஓடிபி இனி அவருக்குப் போகும். அவர் நல்லவராக இருந்தாலும், தன் எண்ணைப் போட்டு அதே ஆப்பில் நுழைந்தால் உங்கள் வீட்டு முகவரிதான் வரவேற்கும். கிளம்புவதற்கு முன்பே கணக்குகளை வீட்டில் இருப்பவர் எண்ணுக்கு மாற்றுங்கள், அல்லது குறைந்தபட்ச ரீசார்ஜ் போட்டு எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.

பணமே போய்விட்டால் முதல் போன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு, அடுத்தது பேங்குக்கு. யுடிஆர் எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்), தொகை, நேரம், எந்தக் கணக்கிலிருந்து போனது என்ற விவரங்கள் அடங்கிய எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ பேங்கின் தவறோ இல்லாமல் வெளியில் நடந்த மோசடியை 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் நஷ்டம்தான், கொடுத்த பிறகு போவது பேங்கின் பொறுப்பு. அதனால் வீட்டில் திட்டுவார்களே என்று காலை வரை காத்திருக்காமல் அந்த நிமிஷமே போன் போட்டு, புகார் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிளைக்கு நேரில் போகும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.